நாகம்மாளின் கையும் யாருடையதென்று தெரியாத நாய்களும்

நாகம்மாளுக்கு வலை கிடையாது, தோணி கிடையாது. இரண்டு கைதான். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த ஒரு பை வைத்திருப்பாள். பறி என்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பையை எதில் பிடிப்பது? பறியின் வாய்க்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். கரையேறின பிறகும் விடமாட்டாள். வருஷக்கணக்காக இப்படிக் கடித்துக் கடித்து, பறி இல்லாதபோதும் பல்லைக் கடித்தபடியேதான் பேசுவாள். கேட்கிறவன் கோபமாக இருக்கிறாள் என்று நினைப்பான். நானும் பத்து வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் ஒரு மத்தியானம் கோட்டைக்குப்பத்தில் என் வாசலில் வந்து நின்றாள். இடது கையில் மஞ்சள் பத்து போட்டுத் துணி சுற்றியிருந்தது.

"அண்ணா, ஒரு ஓலை எய்தணும்."

"இன்னாத்துக்கு?"

"கோட்டைக்கு. நாய் கட்ச்சிட்ச்சி."

"கோட்டையா கட்ச்சிது? நாய்தானே கட்ச்சிது. நாயாண்ட போய் சொல்லு."

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி வேலம்மா குரல் கொடுத்தாள். "நாய் பாஷ உனக்குத்தான் நல்லா வருமே, நீயே போய் சொல்லிட்டு வாயேன். வந்தவள ஒக்கார சொல்ல வாய் வரல."

மணலில் எழுதி இரண்டு மழைக்காலம் படித்தவன் நான். அதற்கு மேல் அப்பன் விடவில்லை, வலையில் போட்டுவிட்டார். ஆனாலும் எங்கள் பக்கத்தில் கோட்டைக்கு மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நாகம்மாள் துணியை அவிழ்த்துக் காட்டினாள். வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் மூன்று விரல் நீட்டினபடியே நின்றது, மடங்கவில்லை. எட்டு நாள் ஆகிறதாம்.

"இது போயிட்ச்சி. இன்னும் ஒண்ணு கீது" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "அதுங்க தெனம் வருதுண்ணா. கால கடிக்கல, துணிய இழுக்கல, கைக்குத்தான் வருது. இதுவும் பூட்ச்சினா நான் காலாலயா எறா புடிப்பேன்?"

எந்த நாய் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். ஒல்லாந்துக்காரர் கம்பெனிக் கோட்டைக்கு வடக்கே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு துரையின் தோட்ட வீடு இருக்கிறது. துரை கப்பலேறிக் கடல் கடந்து பத்தாவியாப் பட்டணம் போய் இரண்டு மழை ஆயிற்று. போகும்போது நாற்காலியைக் கொண்டுபோனார், பெட்டியைக் கொண்டுபோனார், நாய்களை விட்டுவிட்டுப் போனார். இரண்டு. ஒன்று கன்றுக்குட்டி உயரம், புலிபோலக் கோடு. இன்னொன்று வெளுத்த பெட்டை. இரண்டுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தொண்டைக்குள்ளிருந்து காறித் துப்புகிறமாதிரிச் சொல்ல வேண்டும். துரையைத் தவிர ஒருவருக்கும் அது வராது. ஆகவே கூப்பிடவும் முடியாது, அடக்கவும் முடியாது.

"வேற வழியா போயேன்" என்றேன்.

"எந்த வழி? மேற்கால மருந்து ஆலை. வெடி மருந்து கீற எடத்துல காவக்காரன் காக்காவகூட வுடமாட்டான். கெழக்கால ஏரி. அங்க சேறு கய்த்து வரிக்கும் வாங்கும். துழாவற எடம் தோட்டத்துக்கு அந்தாண்ட. நான் பறந்துதான் போவணும்."

சரி என்று ஓலையை எடுத்து எழுதத் தொடங்கினேன். "மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் சமுகத்துக்கு, ஏரியில் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் நாகம்மாள் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. என்னைக் கடித்தது" என்று எழுதினவன் அங்கேயே நின்றுவிட்டேன். இன்னார் நாய் என்று எழுதினால்தானே மனு? யார் நாய்?

இரண்டு பேரும் தோட்டக்காரன் தருமனைப் போய்ப் பார்த்தோம். அவன் மதிலுக்கு உள்ளே இருந்தபடியே பேசினான். கதவைத் திறக்க அவனுக்கும் பயம்.

"தருமா, இது யாரு நாய்?"

"என் நாய் இல்ல."

"அது தெரியுது. யாரு நாய்?"

"தொர நாய்."

"தொரதான் பூட்டாரே."

"அப்ப தொர நாய் இல்ல. எனக்கு ஒப்படைச்சது முப்பது ரோஜாச் செடியும் ஒரு கெணறும். நாய ஒப்படைக்கல. வேணும்னா ரோஜாவ பாத்துட்டுப் போ."

"ரோஜா கட்ச்சா உன்னாண்ட வரேன்" என்றாள் நாகம்மாள்.

அடுத்த நாள் கோட்டை வாசலுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருக்கிற கணக்கப்பிள்ளை சின்னதம்பி சட்டம் தெரிந்தவன். பாதி எழுதின ஓலையைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தான்.

"மிச்சம் எங்க?"

"அத்த கேக்கத்தான் வந்தேன். தொர நாய்னு எய்தட்டுமா?"

"எய்து. ஓலை கப்பல்ல பத்தாவியா போவும். அங்க எவனாவது படிச்சி அவருக்குச் சொல்லி, அவரு பதில் குடுத்து, காத்து சரியா வீசி கப்பல் திரும்பி வர ரெண்டு வருஷம். நாய் அது வரிக்கும் இருக்குமா, நீ இருப்பியானு பாரு."

"கம்பெனி நாய்னு எய்தினா?"

"கம்பெனி நாய்க்குக் கழுத்துல பித்தளப் பட்ட இருக்கும். இதுக்குக் கீதா?"

"இல்ல."

"அப்ப கம்பெனி நாய் இல்ல."

"பேஜாரா கீதேயா. அப்ப இன்னாதான் எய்தறது?"

சின்னதம்பி ஓலையைத் திருப்பிக் கொடுத்தான். "இந்தா பாரு கோதண்டம். எவன் தீனி போடறானோ அவன் நாய். எந்த ஊர்லயும் அதான் ஞாயம். தீனி போடறவன் பேர எய்திக்கினு வா, நான் உள்ள அனுப்பறேன்."

இது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருஷமாக அந்த நாய்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. எவனோ ஒருவன் சத்தமில்லாமல் தீனி போட்டுக்கொண்டிருக்கிறான். அவனைப் பிடித்தால் முடிந்தது. மறுநாள் எனக்கு வலை முறை இல்லை. காலையிலேயே போய்த் தோட்டத்து மதிலுக்கு எதிரே தாழம்புதர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் ஏறிற்று. ஒருவனும் வரவில்லை. உச்சிவேளைக்கு மதில் இடுக்கு வழியாக நாய்கள் வெளியே வந்தன. இப்படிப் பார்த்தன, அப்படிப் பார்த்தன. பிறகு நேரே புதருக்குள் வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டன. வால் ஆட்டின. வெளுத்தது என் முழங்கால்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தது.

கடிக்கிற நாய் இப்படி ஏன் உட்கார வேண்டும்?

மதில்மேல் தருமன் தலை தெரிந்தது. "இன்னா கோதண்டம், உன் நாய்ங்கள பாக்க வந்தியா?"

"டேய், யாரு நாய்டா?"

"நீங்கதான வலைய இங்க கொண்டாந்து ஒதறி, காரப்பொடி மீனும் குஞ்சுக் கெளுத்தியும் அதுங்களுக்கு வீசறீங்க. அதுங்களுக்கு வேற யாரு கீறாங்க?"

"அன்னிக்கே சொல்றதுதான?"

"நீ யாரு நாய்னு கேட்ட. யாரு தீனி போடறதுனு கேட்டியா?"

விஷயம் இதுதான். ஏரியில் நல்ல மீன் வரும் இடங்கள் கொஞ்சம். எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. ஆகவே குப்பத்தில் மூன்று கூட்டம் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். இதைப் பாடு என்போம். பாடு வந்தவன் வலையைக் கரையில் உதறும்போது விலைபோகாத பொடிமீனைத் தண்ணீரில் திரும்பப் போடக்கூடாது. செத்தது மிதந்தால் அடுத்த நாள் பாடுக்காரனுக்கு மீன் அண்டாது. அதனால் கரையிலேயே வீசிவிடுவோம். தோட்டத்துக்கு எதிரே கெட்டி மணல், நிழல் வேறு இருக்கிறது. அங்கேதான் உதறுவோம். நாய் வந்து நிற்கும். கை நிறைய அள்ளி, மூடின கையை ஆட்டிக் காட்டிவிட்டு அதன் பக்கமாக எறிவோம். எறிவதில் ஒரு விளையாட்டு. நானும் எறிந்திருக்கிறேன். உயரமாக எறிந்தால் கோடுபோட்டது எழும்பிப் பிடிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வேலம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எய்து, எய்து. 'கோதண்டத்தின் நாய்'னு எய்து. கை எய்த்து நல்லாவும் வரும்."

"நான் மட்டுமா போட்டேன்? மூணு கூட்டமும்தான் போட்ச்சி."

"அப்ப மூணு கூட்டத்து பேரும் எய்து. ஓலை பத்தாது, பனைமரத்தையே வெட்டிக்கினு வா."

நான் எழுதவில்லை. ஊர் கூட்டத்தில் போய்ச் சொன்னேன். நாட்டார் தேசப்பன் தலைமை. நாகம்மாளையும் வரச்சொன்னோம். அவள் ஓரமாக நின்றாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாயை அடித்துவிடலாம் என்றான் ஒருவன். துரை நாளைக்கே கப்பலில் வந்து இறங்கினால் எவன் முதுகு தாங்கும் என்றான் இன்னொருவன். பொடிமீனை வீசவேண்டாம் என்றார்கள். தண்ணீரிலும் போடக்கூடாது, கரையிலும் வீசக்கூடாது என்றால் வாயிலா போட்டுக்கொள்வது என்று கேட்டார்கள். வெற்றிலை இரண்டு சுற்று வந்தது. கடைசியில் தேசப்பன் தீர்ப்புச் சொன்னார்.

"தீனி போடறவன்தான் நாய்க்காரன்னு கோட்டையிலயே சொல்லிட்டாங்க. மூணு கூட்டமும் போடறோம். அப்ப நாயும் பாட்டுல சேந்தது. எந்த கூட்டத்துக்குப் பாடோ அன்னிக்கு நாய் அவங்களுது. அவங்கள்ள ஒருத்தன் நாகம்மாளுக்கு முன்னால நடந்து தோட்டத்த தாண்டி வுடணும், திரும்பக் கூட்டியாரணும். கை போச்சினா அன்னிக்குப் பாடு யாருதோ அவங்கதான் பொறுப்பு."

எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. இத்தனை வருஷமாக மீனுக்கு முறை வைத்துச் சண்டையில்லாமல் இருக்கிறோம். நாய்க்கு வைத்தால் என்ன? எழுந்திருக்கப் போனோம்.

"ஒரு சங்கதி" என்றாள் நாகம்மாள், பல்லைக் கடித்தபடி. "இந்த எடது கை போச்சே. அது யாரு மொறையில போச்சி?"

எல்லாரும் திரும்ப உட்கார்ந்தோம். எண்ணினோம். கடித்தது எட்டு நாளைக்கு முன் என்று அவள் என் வாசலில் சொன்ன நாளிலிருந்து பின்னால் எண்ண வேண்டும். நடுவில் அமாவாசைக்கு வலை போடவில்லை. ஒரு நாள் வாடைக்காற்று, தோணி இறங்கவில்லை. அந்த நாளை முறையில் சேர்ப்பதா, தள்ளுவதா? சேர்த்து எண்ணினால் என் கூட்டத்தில் வந்து நின்றது. தள்ளி எண்ணினால் தேசப்பன் கூட்டம். மூன்றாம் தடவை எண்ணினபோது அன்று பாடே யாருக்கும் இல்லை என்று வந்தது. பாடு இல்லாத நாளில் நாய்க்குத் தீனியும் இல்லை. பசி. அதனால்தான் கடித்ததோ? அப்படியானால் யார் பொறுப்பு? தீனி போட்டவனா, போடாதவனா?

இன்றுவரைக்கும் அந்தக் கணக்கு எனக்கு முடியவில்லை.

"சரி, வுடுங்க" என்றாள் நாகம்மாள். "மிச்சம் இருக்கறத பாருங்க."

இரண்டு நாள் மற்ற கூட்டத்தார் அவளைக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் என் முறை. கையில் மூங்கில் தடி எடுத்துக்கொண்டேன். காலையில் போகும்போது நாய்கள் மதிலுக்குள் தூங்கின. அவள் தண்ணீரில் இறங்கினாள். நான் பாட்டு வலைக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை.

அப்படி ஒருத்தி வேலை செய்வதை நான் முழுசாகப் பார்த்ததே அன்றுதான். தண்ணீர்மேல் தலையும் பறியும்தான் தெரியும். முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், கை எதையோ செய்துகொண்டிருக்கும். இடது கையை விரித்தபடியே அணைபோல வைத்து, அதை நோக்கி இறாலை விரட்டி, வலது கையால் மூடினாள். முன்பு இரண்டு கையும் மூடும். இப்போது ஒன்றுதான். பறி நிறையப் பாதி நாள் கூடுதலாக ஆயிற்று.

திரும்பும்போது நான் முன்னால், அவள் பின்னால். தோட்டத்தை நெருங்கினோம். நாய்கள் இரண்டும் என்னைப் பார்த்து ஓடிவந்தன. கடிக்க இல்லை. சொந்தக்காரனைப் பார்த்து வருகிறமாதிரி. என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டன. நான் நடந்தால் என் பின்னால் வந்தன. என் பின்னால் யார்? நாகம்மாள். காவலுக்கு வந்த நான்தான் நாயைக் கூட்டிவந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் விட்டிருக்கிறேன். இது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்வது?

அவள் வழக்கம்போல வலது கையை முந்தானைக்குள் இறுக்கி மூடியிருந்தாள். கோடுபோட்டது முந்தானையை மூக்கால் விலக்கி, அந்த முஷ்டியை அப்படியே வாய்க்குள் வாங்கிக்கொண்டது.

கடித்ததா, கடிக்கவில்லையா என்று தெரியவில்லை. வாயில் வைத்துக்கொண்டு நின்றது. எதற்கோ காத்திருக்கிறமாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் தடியை ஓங்கினேன். ஓங்கின கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அடித்தால் தாடை இறுகும், கை போகும். அடிக்காவிட்டால்? நாயின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் என்னமோ வந்தது. வெளுத்தது மட்டும் காதை நிமிர்த்திற்று.

நாகம்மாள் கத்தவில்லை. கத்தினால் பறி விழும். ஒரு நாள் இறாலும் மண்ணில். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். பல்லுக்கு நடுவில் கயிறு கரகரவென்றது. கையை இழுக்கவும் இல்லை. அவள் தோள் மெதுவாகத் தளர்ந்தது. நாயின் வாய்க்குள்ளேயே விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

நாய் வாயைத் திறந்தது. விரித்த உள்ளங்கையை முகர்ந்தது, ஒரு தடவை நக்கிற்று. அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததோ என்னமோ, தும்மிவிட்டு மதில் பக்கம் போயிற்று. வெளுத்ததும் பின்னாலேயே போயிற்று.

நாகம்மாள் அப்படியே வழியில் உட்கார்ந்தாள். பறியை மடியில் இறக்கி வைத்தாள். கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை என் பக்கம் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுண்ணா."

பார்த்தேன். மணிக்கட்டில் பல் பதிந்த சிவப்பு, ரத்தம் இல்லை. "மடக்கு" என்றேன். ஐந்தும் மடங்கிற்று. "நீட்டு." நீண்டது. இன்னொரு தடவை மடக்கச் சொன்னேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"கீதா?"

"கீது."

அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். இரண்டு கையையும் பறிமேல் பக்கத்துப்பக்கமாக வைத்துப் பார்த்தாள்.

"எனக்குக் கொஞ்ச நாளாவே சந்தேகம். கடிபட்ட கைய அதுங்க மோந்துகூட பாக்கல. தெனம் வந்து இதுக்கே வருது. எடது கை மடங்காது, தொறந்தே கீது. இது மூடிக் கீது. மூடின கைல இன்னா இருக்கும்னு அதுங்க நெனச்சிக்கினு கீதுங்களோ. மொத நாளும் கவ்விதான் நின்னுது. நான் பயந்து இஸ்துட்டேன்."

"மூடின கைல இன்னா இருக்கும்?" என்றேன்.

என் கையைப் பார்த்தாள். தடியைப் பிடித்தபடி அது மூடியிருந்தது.

அவள் சொன்னது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்று என் பாடு என்பதால் என் நாய் அவளை விட்டது என்கிறார் தேசப்பன். வயிறு நிறைந்திருந்தது, அதான் என்கிறான் தருமன். நாய்க்குத்தான் தெரியும். அதன் பெயரைச் சொல்லத் தெரிந்தவனும் ஊரில் இல்லை.

நாலு நாள் கழித்து நாகம்மாள் வந்து, "அந்த ஓலைய குடு" என்றாள்.

"யாரு நாய்னு இன்னும் எய்தலியே."

"எய்தாததாலதான் கேக்கறேன். பறி வாய் அறுந்துட்ச்சி. நல்ல ஓலை, வீணாப் போவுது."

கொடுத்தேன். கிழித்துப் பறியின் விளிம்பில் வைத்து முடைந்துவிட்டாள். பக்கத்தில் போனால் என் எழுத்து தெரியும். "என்னைக் கடித்தது" என்கிற இடம் சரியாக அவள் உதட்டுக்குக் கீழே வருகிறது.

என் முறை வரும் நாளில் இன்னும் போகிறேன். போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது அவள் முன்னால் போகிறாள், இரண்டு கையையும் ஈரம் காய வைக்கிறமாதிரி விரித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் நாய்கள். நாய்களுக்குப் பின்னால் நான். எதிரே வருகிறவர்கள், "கோதண்டம், எங்க கெளம்பிட்ட?" என்று கேட்கிறார்கள். நாயைக் கூட்டிப்போகிறேன் என்பதா, நாகம்மாளைக் கூட்டிப்போகிறேன் என்பதா? "சும்மா" என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். தடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மதில் ஓரம் வரும்போது நானும் கையை விரித்துத்தான் வைத்துக்கொள்கிறேன்.